மஞ்சள் பின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி மறுபடி ஆடத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் கடைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இந்தப் பெட்டிக்கு எந்த வயர் வாங்கணும்?" அரை நிமிடத்தில் சொல்லி அனுப்பக்கூடிய பதில் அதற்கு இல்லை. பெட்டியின் பின்புறம் என்ன சாக்கெட் இருக்கிறது, டிவியின் பின்புறம் என்ன இருக்கிறது, அந்தப் பெட்டி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது, உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர், ஹட் பே, கேம்ப்பெல் பே என்று யார் எங்கே இருந்தாலும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மெயின்லேண்டில் தப்பான வயர் வாங்கினால் மறுநாளே மாற்றிக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. 744 என்று தொடங்கும் பின்கோடைப் போட்டதும் பல விற்பனையாளர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். அனுப்புகிறவர்களின் பார்சலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து கப்பலே மூன்று நாள். இங்கிருந்து நிக்கோபார் பக்கம் போக வேண்டுமென்றால் இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் தீவில் வயர் வாங்குகிறவர் இரண்டைக் கேட்க வேண்டும்: இது என் பெட்டிக்கும் டிவிக்கும் சேருமா, கெட்டுப்போனால் இங்கேயே சரிசெய்ய முடியுமா? இரண்டாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

உங்கள் கையில் இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் மூன்று வகை. 1990களில் இந்தியாவில் சாமுராய், மீடியா என்ற பெயர்களில் விற்ற எட்டு பிட் பெட்டிகளும் அவற்றைப் பார்த்துச் செய்த பெயரில்லாப் பெட்டிகளும் ஒரு வகை. 1990களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்த சேகா இன்னொரு வகை. அதற்குப் பிறகு வந்து எல்லா வீட்டையும் பிடித்துக்கொண்டது சோனியின் பிளேஸ்டேஷன் 2. இவை போக, சென்னைக்குப் போன அப்பாவோ மாமாவோ பர்மா பஜாரில் வாங்கி, கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜப்பான் பெட்டிகளும் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் தொடங்கியது அந்த பஜார். பர்மாவிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் தீவுகளிலும் குடியேறினார்கள். அந்த உறவில்தான் நம் ஊருக்குப் பல சாமான்கள் வந்தன.

இந்தப் பெட்டிகள் எல்லாமே பிக்சர் டியூப் டிவிக்காகச் செய்யப்பட்டவை. அந்த டிவிகள்தான் நம் வீடுகளிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் நமக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. வீட்டுக்கு வீடு இணையம் ஒழுங்காக வந்ததும் ஸ்மார்ட் டிவி வந்தது. டியூப் டிவி திண்ணைக்கும் பிறகு குப்பைக்கும் போனது. மெல்லிய டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட் குறைந்துகொண்டே வருகிறது. சிலவற்றில் அறவே இல்லை. உங்கள் கேள்வி இப்போது கிளம்பியதற்குக் காரணமே இதுதான்.

இனி படம் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். இது புரிந்தால் பாதி வயர் வாங்க வேண்டியதே இருக்காது.

பழைய பெட்டியிலிருந்து படம் ஐந்தாறு வழிகளில் வெளியே வரலாம். எல்லாவற்றிலும் தாழ்ந்தது ஆர்.எஃப். படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு டிவி சேனல் போல ஆக்கி, ஆன்டெனா துளை வழியாக அனுப்புவது. அதற்கு மேலே மஞ்சள் பின், அதாவது காம்போசிட். வெளிச்சமும் நிறமும் ஒரே வயரில் கலந்து போகும். டிவி அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முழுசாகப் பிரிக்க முடியாததால்தான் சிவப்பு நிறத்தின் ஓரத்தில் சின்னப் புள்ளிகள் ஊர்வது போலத் தெரிகிறது. எஸ்-வீடியோவில் வெளிச்சத்துக்கு ஒரு கம்பி, நிறத்துக்கு ஒரு கம்பி. ஒரு சின்ன உருண்டைப் பின்னுக்குள் நான்கு ஊசி இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கே மூன்று பின் வருவது காம்போனென்ட். ஆர்.ஜி.பி.யில் மூன்று நிறமும் தனித்தனியே போகும். அதற்கு ஐரோப்பாவில் 21 ஊசிகள் உள்ள ஸ்கார்ட் என்ற அகலமான பின் உண்டு. 1980 முதல் பிரான்சில் விற்கும் டிவிகளில் அது கட்டாயமாக இருந்தது. நம் ஊர் டிவிகளில் ஸ்கார்ட்டைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். "இதுதான் பெஸ்ட் குவாலிட்டி" என்று யாராவது ஸ்கார்ட் வயர் விற்றால் வாங்க வேண்டாம். அதைச் செருக உங்களிடம் இடம் இல்லை.

பெட்டியின் உள்ளே என்ன பிறக்கிறதோ அதற்கு மேல் வயரால் ஒன்றும் செய்ய முடியாது. எட்டு பிட் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமில் படம் போடும் சிப்பே காம்போசிட்டாகத்தான் வெளியே தரும். அதன் வழியில் வந்த நம் ஊர்ப் பெட்டிகளும் அப்படியே. உள்ளே எஸ்-வீடியோவும் கிடையாது, ஆர்.ஜி.பி.யும் கிடையாது. பலகையைப் பிரித்து வேலை செய்தால் ஒழிய மஞ்சள் பின்தான் அதன் உச்சம். ஒலியும் மோனோதான், பெட்டியில் மஞ்சளோடு ஒரே ஒரு துளை இருப்பது அதனால்தான். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து வயர் வாங்காதீர்கள். பெட்டியில் ஏவி துளை, அதாவது மஞ்சள் பின் செருகும் துளை, இருக்கும்போது ஆர்.எஃப். வழியை விட்டு அதற்கு மாறுங்கள்; காசில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் அது.

பர்மா பஜார் வழியாக வந்த ஜப்பான் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். அவற்றின் ஆர்.எஃப். 90 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும். நம் நாட்டுப் பழைய டிவியில் அந்த இடத்தில் சேனலே கிடையாது, எஃப்.எம். வானொலிதான். எவ்வளவு டியூன் செய்தாலும் படம் வராது. பெட்டி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஏவி வழியாகச் செருகினாலும் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம். ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி., நாம் பால். நிறத்தைக் கொண்டுவரும் அலை அவர்களுக்கு 3.58 மெகாஹெர்ட்ஸ், நமக்கு 4.43. பால் மட்டும் தெரிந்த டிவிக்கு அந்த நிறம் புரியாது. அதற்கு வயரை மாற்றிப் பயனில்லை. காம்போனென்ட் வயரிலோ ஆர்.ஜி.பி. வயரிலோ இந்தக் கலவை வேலையே நடப்பதில்லை என்பதால் அங்கே நிறச் சண்டை வராது. ஜப்பான் பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் காம்போனென்ட் வயர் வாங்க இது ஒன்றே போதுமான காரணம். ஜப்பான் பெட்டிகளின் பவர் அடாப்டரையும் பார்த்துவிடுங்கள். 100, 120 வோல்ட்டுக்குச் செய்ததை நம் 230 வோல்ட்டில் செருகினால் அடுத்த நொடி புகைதான்.

சேகா மெகா டிரைவ் வைத்திருப்பவர்கள் பெட்டி முதல் மாடலா, இரண்டாம் மாடலா என்று பார்த்துவிட்டு வயர் தேடுங்கள். முதல் மாடலின் பின்னால் எட்டு ஊசி உள்ள பெரிய உருண்டைத் துளை. அதில் ஒலி மோனோ மட்டும். ஸ்டீரியோ வேண்டுமானால் முன்பக்கம் இருக்கும் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாம் மாடலில் ஒன்பது ஊசி உள்ள சின்னத் துளை, ஸ்டீரியோ அதிலேயே வருகிறது. ஒன்றின் வயர் இன்னொன்றில் போகாது. எஸ்-வீடியோ இரண்டிலும் இல்லை.

இந்தப் பெட்டியை வைத்து ஒரு விஷயத்தை நீங்களே பார்க்கலாம். 1991இல் வந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' விளையாட்டின் முதல் கட்டத்தில் அருவிகள் இருக்கும். அந்த அருவியை ஆர்.ஜி.பி.யில் பார்த்தால் நெடுகக் கோடு கோடாக, கம்பிக் கதவு போலத் தெரியும். மஞ்சள் பின்னில் போட்டு டியூப் டிவியில் பாருங்கள். கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருக்கும் காட்சி மங்கலாகத் தெரிகிற நீராக மாறும். செய்தவர்கள் மஞ்சள் பின்னின் குறையைத் தெரிந்துகொண்டு, அந்தக் குறையையே தூரிகையாக்கி வரைந்திருக்கிறார்கள். விலை கூடிய வயர்தான் எப்போதும் சரியான படம் தரும் என்று யாராவது சொன்னால் இந்த அருவியைக் காட்டுங்கள். மஞ்சள் பின்னுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு இதுவும் காரணம்.

பிளேஸ்டேஷன் 2க்கு வருகிறேன். உங்களில் அதிகம் பேரிடம் இருப்பது இதுதான். முதல் பிளேஸ்டேஷனின் பிற்கால மாடல்கள், பிளேஸ்டேஷன் 2, பிளேஸ்டேஷன் 3 மூன்றுக்கும் பின்னால் ஒரே தட்டையான ஏவி துளை. ஒன்றின் வயரை மற்றதில் தாராளமாகப் போடலாம். அண்ணன் வீட்டில் உடைந்த பிளேஸ்டேஷன் 3 கிடந்தால் அதன் வயரைக் கேட்டு வாங்குங்கள். டிவியில் பச்சை, நீலம், சிவப்பு துளைகள் இருந்தால் இந்தப் பெட்டிக்கு காம்போனென்ட் வயர்தான் நல்லது. எழுத்துகள் கூர்மையாகும், சிவப்பு வழியாது. ஆனால் மாற்றும் முன் மஞ்சள் பின்னிலேயே பெட்டியை ஓட்டி, செட்டிங்கில் 'காம்போனென்ட் வீடியோ அவுட்' என்ற இடத்துக்குப் போய், ஆர்.ஜி.பி. என்று இருந்தால் ஒய் என்று தொடங்கும் மற்றதற்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மாற்றினால் நிறம் கெட்டுப்போகும், அல்லது படமே நிற்காது. வயர் டூப்ளிகேட் என்று என்னிடம் திரும்பி வரும் காம்போனென்ட் வயர்களில் பல இந்த ஒரு செட்டிங்கால்தான் வந்தவை.

இன்னொரு பொறியும் உண்டு. பிளேஸ்டேஷன் 2இல் முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்கைப் போட்டால் படம் 240 வரிகளில் வரும். காம்போனென்ட் துளையில் 240 வரியை ஏற்றுக்கொள்ளாத மெல்லிய டிவிகள் பல. பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் நன்றாக ஓடும், பழைய டிஸ்க் போட்டதும் திரை கறுப்பாகிவிடும். பெட்டியில் பழுதில்லை. அந்த ஆட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் பின்னுக்குத் திரும்புங்கள். ஆக, காம்போனென்ட் வாங்கினாலும் மஞ்சள் வயரைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

நிண்டெண்டோ 64, கேம்க்யூப், டிரீம்காஸ்ட் எல்லாம் நம் தீவில் அபூர்வம். வைத்திருப்பவர்கள் நேரில் கொண்டுவாருங்கள். எந்த நாட்டுப் பெட்டி என்பதைப் பொறுத்து வயரே மாறும்.

இப்போது டிவியைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் துளை இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல மெல்லிய டிவிகளில் மஞ்சளும் பச்சையும் ஒரே துளையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பச்சை வளையத்துக்குப் பக்கத்தில் 'ஏவி' என்றும் எழுதியிருக்கும். மஞ்சள் பின்னை அந்தப் பச்சைத் துளையில் செருகி, ரிமோட்டில் ஏவி என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவி அதை காம்போனென்ட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், மெனுவில் மாற்றுங்கள். வேறு சில டிவிகளில் ஹெட்போன் துளை அளவிலான ஒரு சின்னத் துளைக்குள் மூன்றும் அடங்கியிருக்கும். அதற்குத் தனி வயர் வேண்டும். பின்னின் மேல் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். எந்த வளையத்துக்கு எது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். வயரைச் செருகிப் படம் வரவில்லை என்றால் மஞ்சளைக் கழற்றி வெள்ளையிலும் சிவப்பிலும் மாற்றிப் பாருங்கள். எதிலாவது படம் வந்தால் பிழைத்தது. எதிலும் வராமல் உறுமல் மட்டும் கேட்டால் எர்த் இடம் மாறியிருக்கிறது. வேறு வயர்தான் வாங்க வேண்டும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளை இடது, சிவப்பு வலது. ஒரே ஒலித் துளை உள்ள பழைய டிவியில் வெள்ளையை மட்டும் செருகினால் வலது பக்கச் சத்தம் மொத்தமாகப் போய்விடும்; பல ஆட்டங்களில் மோனோ என்ற ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2இன் பின்னால் மூடி போட்ட ஒரு சதுரத் துளை உண்டு, ஒளி வழியாக ஒலி அனுப்பும் ஆப்டிகல் துளை. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். அதில் உலோகத் தொடர்பே இல்லை, களிம்பும் ஏறாது. வேலை முடிந்ததும் மூடியை மறக்காமல் போடுங்கள்.

களிம்பு என்றேன். அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மெயின்லேண்டில் யாரும் உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டார்கள்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி நம் வீடுகளில் கசிந்துகொண்டே இருப்பது அதனால்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தத் தீவுகளில் வருடத்தின் பெரும்பகுதி அந்த அளவைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோதான் இருக்கிறது. உப்புக்காற்று பின்னின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூளைப் படியவைக்கிறது. அது தானாகவே உப்புநீர் ஆகிறது. உப்புநீர் பட்ட இடத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரிதான். அரித்துவிடும்.

அதனால் தங்க நிறப் பின்களைக் கண்டு மயங்காதீர்கள். நல்ல தடிமனான தங்கப் பூச்சு களிம்பு ஏறாதது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மலிவு வயரின் தங்கம் மூச்சுக்காற்று அளவு மெல்லிய பூச்சு. அதில் ஊசித் துளைகள் இருக்கும், அவற்றின் வழியாக உப்பு அடியில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துவிடும். போதாததற்கு உங்கள் பழைய பெட்டியின் சாக்கெட்டும் டிவியின் சாக்கெட்டும் பெரும்பாலும் நிக்கல் அல்லது வெள்ளீயப் பூச்சு. தங்கமும் வெள்ளீயமும் சேரக் கூடாத ஜோடி. வெள்ளைச் சாக்கெட்டுக்கு வெள்ளைப் பின், அதாவது நிக்கல் பூசிய பித்தளைப் பின்தான் நம் ஊருக்கு ஏற்றது. வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். வெடுக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு. இரண்டு மழைக்காலம் தாங்காது.

அடுத்தது பிடிப்பு. மஞ்சள் வெள்ளை சிவப்பு வகைப் பின்னுக்கு ஆர்.சி.ஏ. என்று பெயர். 1930களில் ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா நிறுவனம் தன் ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் பெட்டிகளுக்குள் இணைப்புக்காகச் செய்தது. அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்ததல்ல. செருகும்போது நடு ஊசி முதலில் தொடும், சுற்றியிருக்கும் எர்த் வளையம் பிறகுதான் தொடும். ஸ்பீக்கரில் டப்பென்று சத்தம் வருவது அதனால்தான். எனவே பெட்டியும் டிவியும் அணைந்திருக்கும்போதுதான் செருக வேண்டும். டீசல் கரண்டில், சரியான எர்த் இல்லாத வீடுகளில் இது இன்னும் முக்கியம். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்து லேசாகத் திருகி எடுங்கள்.

ஜாயின்டர், ஏவி சுவிட்ச் பாக்ஸ், நீட்டிப்பு வயர் என்று நடுவில் மாட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் களிம்பு பிடிக்க இன்னொரு இடம். பெட்டியிலிருந்து டிவிக்கு நேராக ஒரே வயர், தேவையான நீளம். மூன்று பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மாற்றி மாற்றிச் செருகுவது சிரமம்தான், தெரியும். இருந்தாலும் தீவில் அதுதான் நிலைக்கும்.

களிம்பு ஏறிவிட்டால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பூச்சு போய்விட்டால் அந்தப் பின் முடிந்தது. பச்சையாகத் திட்டு பிடித்திருந்தால், வயரின் பின்னில் மட்டும் பல் குச்சியில் துளி வினிகர் தொட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவையுங்கள். பெட்டியின் சாக்கெட்டுக்கு ஆல்கஹால் மட்டும். கை கழுவும் சானிடைசர் உதவாது, அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கிறது. கேசட்டுக்குள் வாயால் ஊதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஊதியதால் ஓடியதாக நினைப்பது பெரும்பாலும் கழற்றி மறுபடி மாட்டியதால் ஓடியதுதான்; எச்சில் ஈரம் உள்ளே தங்கிவிடும். ஆடாத மாதங்களில் வயர்களைச் சுருட்டி, இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். டிவியில் வேறு வழியே இல்லாதபோது வாங்குங்கள், முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல. மலிவான ஏவி கன்வெர்ட்டர் 240 வரிப் படத்தைப் புரிந்துகொள்ளாது. அதை ஒன்றுவிட்டு ஒரு வரி வரும் 480 வரிப் படம் என்று நினைத்துக் கலக்கிவிடும். ஓடும் உருவம் சீப்புப் பல் போலக் கிழியும், சதுரப் படம் அகலமாக இழுபடும், பொத்தானை அழுத்தியதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவில் தாமதம் விழும். ஒரு ஃபிரேம் என்பது 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி விநாடி. இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனாலே குதிக்கும் கணக்கு தப்பும். டிவியில் கேம் மோட் இருந்தால் அதையாவது போடுங்கள். பிளேஸ்டேஷன் 2க்கென்று வரும் சின்ன எச்.டி.எம்.ஐ. குச்சி காம்போனென்ட் படத்திலிருந்து எடுப்பதால் கொஞ்சம் தேவலை. செட்டிங் மாற்றும் வேலை அதற்கும் உண்டு. 240 வரியை முறையாகக் கையாளும் ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. போன்ற பெட்டிகள் அருமையானவை, ஆனால் பல ஆயிரம் ரூபாய். பற்றவைக்கத் தெரிந்தவர்கள் ஜிபிஎஸ்-8200 என்ற மலிவான பலகையை வாங்கி, ஒரு சின்ன வைஃபை சிப்பைச் சேர்த்து, இலவசமாகக் கிடைக்கும் ஜிபிஎஸ் கன்ட்ரோல் மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி அது.

அதையெல்லாம்விட நல்ல வழி உங்கள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் கிடக்கலாம். டியூப் டிவி 240 வரியைத் தாமதமில்லாமல் அப்படியே காட்டும். அருவி அருவியாகத் தெரியும். நம் தீவுகளில் அவை குப்பையோடு போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனது கேட்கவில்லை. இனி யாரும் செய்யப்போவதில்லை, மெயின்லேண்டிலிருந்து அவ்வளவு கனத்தைக் கப்பலில் ஏற்றி வருவதும் எளிதல்ல. ஒரு ஊருக்கு ஒன்றாவது நல்ல நிலையில் வைத்திருங்கள், முடிந்தால் காம்போனென்ட் துளை உள்ள தட்டைத் திரை மாடலாக. கடற்கரைப் பக்கம் இல்லாத வீட்டில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் அடுத்து சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவுக்குப் போவீர்கள். அங்கே அச்சில் வார்த்து மூடிய ரெடிமேட் வயர்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வராதீர்கள். அவற்றின் பின் உள்ளே அறுந்தால் வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. அதற்குப் பதில், கழற்றி உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூடிய உலோக ஆர்.சி.ஏ. பின்களை, நிக்கல் பூசியதாகப் பார்த்து, ஒரு பை நிறைய வாங்குங்கள். கூடவே 75 ஓம் என்று அச்சிட்ட மெல்லிய கோஆக்சியல் வயர் ஒரு சுருள், ஒரு மல்டிமீட்டர். பெட்டிப் பக்கத்துப் பின்னை மட்டும் பழைய வயரிலிருந்து காப்பாற்றி வைத்துக்கொண்டால் டிவிப் பக்கத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். நடு ஊசிக்கு நடுக் கம்பி, வளையத்துக்குச் சுற்றுக் கம்பி வலை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை என்று மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு மூடியைத் திருகுங்கள். பற்றவைக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். தூரத்துத் தீவுக்காரர்கள் பெட்டியின் பின்புறத்தையும் டிவியின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் படமெடுத்து, கப்பலில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பார்த்துவிட்டு எந்த வயர் என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டிவி மெக்கானிக் அண்ணன்,
அபர்டீன் பஜார்